தொட்டிகளுக்கும் தோணிகளுக்கும் நடுவே



திருகோணமலைச் சீனன்குடாவின் மேட்டுக் காட்டுக்குள் எண்ணெய்த் தொட்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களுக்காக 1920களிலும் 30களிலும் கட்டிய இரும்புத் தொட்டிகள் அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். கணக்கில் இருப்பவை 99. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு தொட்டி தீப்பிடித்து உருகிப்போனது. 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். அதன்பின் மேட்டிலிருந்த தொட்டிகளை மரமும் கொடியும் மெல்ல மூடிக்கொண்டன.

கைவிடப்பட்ட கரை என்றதும் உடைந்த ஓடும் பாசி படிந்த சுவரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். திருகோணமலையின் சிக்கல் வேறு. இங்கே கரைக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கரைதான் சும்மா கிடக்கிறது. பழைய கப்பற்றளம் கடற்படையிடம் இருக்கிறது. கோணேசர் கோயிலை இடித்துப் போர்த்துக்கேயர் 1624இல் எழுப்பிய கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. மலையுச்சிக் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த வாசலால்தான் நுழைகிறார்கள். 1984ஆம் ஆண்டு வர்த்தமானி ஒன்று, ஐயாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தைத் துறைமுக அதிகாரசபைக்கு உரியதாக்கியது. அந்த எல்லைக்குள் அகப்பட்ட முத்துநகர் விவசாயிகள், சூரிய மின் திட்டங்களுக்காகத் தங்கள் வயல் பறிபோவதை எதிர்த்து 2025இல் வீதிக்கு வந்தார்கள். பசுமை என்ற பெயரோடு வருகிற திட்டமும் உழுகிறவனைக் கேட்காமல் வந்தால் அவனுக்கு அது இன்னொரு இடப்பெயர்வுதான்.

துறைமுகம் முற்றாக உறங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரீமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் 1980களிலிருந்து இந்தக் குடாவை நம்பி இயங்குகின்றன. 2022 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 14 தொட்டிகள் இந்தியன் ஒயிலின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.யிடம், 24 தொட்டிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மீதி 61 இருவரின் கூட்டு நிறுவனத்திடம். 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் சேர்ந்து திருகோணமலையை ஒரு சக்தி மையமாக்க உடன்பட்டன. தொட்டிகளை யார் யார் வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு விடை எழுதியாகிவிட்டது. தொட்டிகளுக்கு அடியில் உள்ள மண் எப்படி இருக்கிறது, அங்கிருந்து வழிகிற மழைநீர் குடாவுக்குள் எதைக் கொண்டுபோகிறது என்ற கேள்விகளை அதே அளவு சத்தமாகக் கேட்க ஆள் வேண்டும்.

கரையைத் திருத்தும் வேலையை நீரிலிருந்து தொடங்கிய ஒரு நகரம் உண்டு. 1977இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ, பத்து ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர் ஆற்றில் மீன்பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று இலக்கு வைத்தார். அப்போது அந்த ஆறு சாக்கடை. பன்றிப் பண்ணைகள், தெருக்கடைகள், படகுப் பட்டறைகள் எல்லாவற்றின் கழிவும் அதில்தான் இறங்கியது. 1987இல் வேலை முடிந்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் கரையோரப் பழைய பண்டகசாலைகளைப் பாதுகாத்துப் புதுப்பித்தார்கள். முதலில் கழிவுக் கால்வாய், பிறகு கட்டடம் என்ற அந்த ஒழுங்கை எந்த நகரமும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் சுமார் 26,000 குடும்பங்கள் வேறு இடங்களில் குடியமர்த்தப்பட்டன. ஒன்றரை நூற்றாண்டு அந்த ஆற்றை உயிரோடு வைத்திருந்த சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. தெளிந்த ஆறு கிடைத்தது. ஆற்றில் வேலை செய்தவர்கள் கரையிலிருந்து போய்விட்டார்கள். இலண்டன் கப்பல்துறைகளிலோ, மீளமைப்புக்கென 1981இல் அமைத்த கூட்டுத்தாபனம் உள்ளூர் மன்றங்களின் திட்டமிடல் அதிகாரத்தையே கையில் எடுத்துக்கொண்டது. அங்கே கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. பழைய கப்பல்துறைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அவற்றுள் வேலை கிடைத்ததா என்று இன்றும் கேட்கிறார்கள்.

திருகோணமலை அந்த இழப்பைத் தவிர்க்க முடியும், ஏனென்றால் இங்கே நீரை நம்பிய தொழில் இன்னும் சாகவில்லை. கொட்பேயில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் வள்ளங்கள் இறங்குகின்றன. தம்பலகாமக் குடாவில் ஒருகாலத்தில் முத்தே குளித்தார்கள். ஒளி ஊடுருவும் ஓடுள்ள தட்டைச் சிப்பியின் சிறு முத்துகள் அவை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கெலார்ட் என்ற இயற்கை ஆய்வாளர் திருகோணமலையில் இருந்தபடி அந்தச் சிப்பிகளை ஆராய்ந்திருக்கிறார். குடாவின் கண்டல் காடுதான் மீனுக்கும் இறாலுக்கும் குஞ்சு வளர்க்கும் தொட்டில். கண்டலை வெட்டிவிட்டு நடைபாதை போட்டால் அந்தக் கரை அழகாக இருக்கும், வலை வெறுமையாக வரும்.

இன்னொன்று: இந்தத் துறைமுகத்தின் சுத்தம் கரையில் மட்டும் தீர்மானமாவதில்லை. மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கலக்கிறது. தேயிலைச் சரிவின் மண்ணும் வயல்களின் உரமும் அதனோடு வருகின்றன. ஆகவே கரையைத் திருத்த வருகிற பொறியியலாளர் பொலன்னறுவை விவசாயியோடும் பேச வேண்டியிருக்கும். அப்படியான பேச்சுக்கு மூன்று மொழியும் தெரிந்தவர்கள் இந்தப் பட்டமளிப்பு மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

கட்டடங்களைப் பொறுத்தவரை நல்ல முன்மாதிரி நகரத்துக்குள்ளேயே உண்டு. ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளரின் மாளிகை நெதர்லாந்து அரசின் உதவியோடு பழுதுபார்க்கப்பட்டு, இன்று கடல்சார் அருங்காட்சியகமாக இருக்கிறது. தடித்த சுவர், உயர்ந்த கூரை, நீண்ட விறாந்தை: வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமாகப் புதிதாக ஒன்றைக் கட்டுவது கடினம். துறைமுக ஓரத்தில் சும்மா கிடக்கும் பழைய கட்டடம் ஒவ்வொன்றையும் இடிக்கும் முன், அதற்குள் ஒரு படகுப் பட்டறையோ, மீன் பதனிடும் கூடமோ, வாசிகசாலையோ இயங்குமா என்று பார்க்கலாம். பயன்படாது என்று முடிவான தொட்டிகளிலும் ஒன்றிரண்டையாவது வெட்டி விற்காமல் மழைநீர்த் தேக்கமாகவோ காட்சிக்கூடமாகவோ வைத்திருப்பது இந்த ஊர் தன் வரலாற்றுக்குச் செய்யும் மரியாதை.

கொட்டியாரக் குடாவின் அக்கரையில் சம்பூர் இருக்கிறது. 2006இல் போர் அந்த மக்களைத் துரத்தியது. அவர்கள் திரும்பி வருமுன்பே அங்கு அனல்மின் நிலையம் அமைக்க நிலம் ஒதுக்கப்பட்டது. நிலக்கரிச் சாம்பலும் சுடுநீரும் குடாவைக் கெடுக்கும் என்று ஊராரும் சூழலியலாளரும் விடாமல் சொன்னார்கள். சுற்றாடல் அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றம் வரை போனது. 2016 செப்டெம்பரில் அத்திட்டத்தைத் தொடரப்போவதில்லை என்று அரசு அந்த நீதிமன்றத்திலேயே அறிவித்தது. இன்று சம்பூரில் சூரிய மின் நிலையம் வருகிறது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு பெரிய முடிவை மக்கள் மாற்றிய கதை இது. நடந்து பத்து ஆண்டுதான் ஆகிறது.

கோணேசபுரி வளாகத்தில் பிரயோக விஞ்ஞானமும் தொடர்பாடலும் முகாமைத்துவமும் படித்தவர்களுக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. பெரும் திட்டமொன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் உண்டு. பெரும்பாலும் அந்த நாட்கள் சத்தமில்லாமல் கழிந்துவிடும், ஏனென்றால் நூற்றுக்கணக்கான பக்கங்களை வாசித்து மீனவர் சங்கத்துக்கு விளக்க யாரும் இருப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தக் கரை யாருக்குக் குத்தகைக்குப் போயிருக்கிறது, எவ்வளவு காலத்துக்கு என்று எழுத்தில் கேட்கலாம். ஒரு விண்ணப்பம் எழுத அரைமணி நேரம் போதும். அடுத்த அறிக்கை வெளியாகும் நாளில் கிண்ணியாவிலும் சீனன்குடாவிலும் மூதூரிலும் அதைத் தமிழில் வாசித்துச் சொல்ல இந்த ஆண்டுப் பட்டதாரிகளில் பத்துப் பேர் முன்வரட்டும்.