பையைப் பிடித்துக்கொண்டு நின்றவன்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசு, தொழில் சம்பந்தமா பேசு, ஆனா போரடிக்காம பேசு" என்று செயலாளர் கட்டளை. மூன்றையும் ஒன்றாகச் செய்ய எனக்குத் தெரியாது. அதனால் ராட்டினத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். நம்ம ஊர்த் திருவிழா ராட்டினம் இல்லை. அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டிக்கு வடக்கே கிங்ஸ் ஐலண்ட் என்று ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா. 1972-இல் திறந்தது. வாசலைத் தாண்டினால் நீளமான நீரூற்று, அதன் கோடியில் பாரிஸ் ஈஃபல் கோபுரத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவில் ஒரு கோபுரம். அங்கே நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். 2012-இல் ஒரு தடவை, 2024-இல் ஒரு தடவை.

முதல் தடவை எம்.எஸ். முடித்த சமயம். கூட வந்தது நம்ம மெஸ் செக்ரட்டரி. பெயரைச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருப்பவன்தான். அங்கே 'தி பீஸ்ட்' என்று ஒரு மரக் கோஸ்டர். 1979-இல் கட்டியது. நீளம் 7,361 அடி, அதாவது இரண்டு கிலோமீட்டருக்கு மேல். உலகத்தில் இன்றைக்கும் மரக் கோஸ்டர்களில் அதுதான் நீளம். முப்பத்தைந்து ஏக்கர் காட்டுக்குள் போய், நான்கு நிமிஷத்துக்கு மேல் ஓடித் திரும்பி வரும். உயரம் 110 அடிதான், ஆனால் மேடுபள்ளமான நிலத்தை அப்படியே பயன்படுத்திக்கொண்டதால் இறக்கம் அதைவிட அதிகம். பள்ளத்தாக்கு இருக்கிற இடத்தில் கோபுரம் எதற்கு என்று யோசித்த ஆட்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வரிசையில் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். வண்டி வந்தது. ஒரு காலை வைத்து ஏறி, இன்னொரு காலை வைத்து மறுபக்கம் இறங்கி, வெளியே போகும் வழியில் போய்விட்டேன். "டேய், எங்கடா போற?" என்று பின்னால் கத்தினான். நான் திரும்பியே பார்க்கவில்லை. அன்று முழுவதும் எல்லாருடைய பையையும் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். 'ரேசர்' என்ற இரட்டைக் கோஸ்டரில் மட்டும், குழந்தைகள்கூடப் போகிறார்களே என்ற மானப் பிரச்சினையில், ஒரு தடவை போனேன்.

பயத்துக்கு ஒரு காரணமும் கண்ணுக்கு எதிரே நின்றது. 'சன் ஆஃப் பீஸ்ட்', பீஸ்டின் மகன். 2000-இல் திறந்தபோது 218 அடி; இருநூறு அடியைத் தாண்டிய முதல் மரக் கோஸ்டர் அதுதான். அதில் தலைகீழாகச் சுற்றுகிற எஃகு வளையம் வேறு. 2006-இல் தாங்குகிற மரச்சட்டம் ஒன்று விரிசல் விட்டு, பாதை அந்த இடத்தில் இறங்க, வண்டி குலுங்கிப் பலர் காயமடைந்தார்கள். வளையத்தை எடுத்தார்கள், இலேசான வண்டிகளைக் கொண்டுவந்தார்கள், 2007-இல் மறுபடி திறந்தார்கள், 2009-இல் மூடியேவிட்டார்கள். நான் பார்த்தபோது மரத்தாலான ஒரு மலை மாதிரி, சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதே 2012-இல் இடிக்க ஆரம்பித்தார்கள்.

அப்புறம் ஊருக்கு வந்தேன். லிஃப்ட் பராமரிப்பில் வேலை. கோஸ்டரில் ஏறப் பயந்தவனுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை கொடுத்த கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம். கோஸ்டர் மேலே ஏறும்போது 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், சினிமாவில் கேட்டிருப்பீர்கள். பயமுறுத்த வைத்த சத்தம் இல்லை அது. சங்கிலி அறுந்தால் வண்டி பின்னால் ஓடாமல் இருக்க, வண்டிக்கு அடியில் ஒரு கொக்கி, பாதையில் உள்ள பல் ஒவ்வொன்றிலும் விழுந்து விழுந்து போகிறது. 1854-இல் நியூயார்க்கில் ஓடிஸ் என்பவர் மேடையில் நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டிய லிஃப்ட் பாதுகாப்பும் இதன் பங்காளிதான். அறுந்தால் என்ன என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் ஆளை ஏற்றுவது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் மேடைக்கு ஒத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஆண்டு லேபில் நாம் ரீடிங் 'குக்' பண்ணியது எல்லாருக்கும் நினைவிருக்கும். கிராஃபை முதலில் போட்டுவிட்டு, அதற்கு ஏற்றபடி அளவுகளை எழுதுவோம். இவ்வளவு அழகாக வந்தால் இது எஃகு இல்லை, உன் பேனா என்று நம்ம சார் சிவப்பு மையில் அடித்துக் கொடுப்பார். சார் முன் வரிசையில் இருக்கிறார். சார், அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

2019-இல் ஓர் ஒன்பது மாடிக் குடியிருப்பு. அங்கே லிஃப்டின் ஓவர்ஸ்பீட் கவர்னரைச் சோதிக்க வேண்டும். லிஃப்ட் அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினால் கவர்னர் கயிற்றைப் பிடிக்கும். கயிறு இழுக்க, கூண்டுக்கு அடியில் உள்ள ஆப்புகள் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்வும். சோதிக்க அரை நாள் லிஃப்டை நிறுத்த வேண்டும். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு நிச்சயதார்த்தம். "சார், பெரியவங்க எல்லாம் வராங்க, இன்னிக்குப் போய்..." என்றார்கள். போன வருஷம் நன்றாக இருந்தது, இந்த வருஷம் என்ன ஆகிவிடப்போகிறது என்று படிவத்தில் 'சோதிக்கப்பட்டது, சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு காபி கொடுத்தார்கள், குடித்தேன்.

நான்கு மாதம் கழித்து வேறொரு பழுதுக்காகப் போனபோது, மனசு கேட்காமல் சோதித்துப் பார்த்தேன். கவர்னர் பிடித்தது. ஆப்பு நகரவில்லை. சிமெண்டுத் தூளும் பழைய கிரீஸும் சேர்ந்து கல்லாகக் கட்டியிருந்தது. அந்த நான்கு மாதமும் அந்த லிஃப்ட் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்கூல் பிள்ளைகள் பையோடு ஏறுவார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கயிறுகள் நன்றாக இருந்தன, அவ்வளவுதான். சுத்தம் செய்து, மறுபடி சோதித்து, சரியானதும் புதுத் தேதி போட்டு எழுதினேன். பழைய தாளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்கே இன்றுதான் தெரியும். பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், வீட்டில் மீதி உண்டு.

2024 கோடையில் குடும்பத்தோடு நம்ம மெஸ் செக்ரட்டரி வீட்டுக்குப் போனோம். மறுபடியும் கிங்ஸ் ஐலண்ட். நிறைய மாறியிருந்தது. சன் ஆஃப் பீஸ்ட் நின்ற இடத்தில் 'பேன்ஷீ' என்று ஒரு எஃகுக் கோஸ்டர், 2014-இல் வந்தது. பாதை தலைக்கு மேலே, கால் அந்தரத்தில், ஏழு தடவை தலைகீழ். அங்கே பழைய கோஸ்டருக்கு ஒரு கல்லறைக் கல் வைத்திருக்கிறார்கள். விளையாட்டுக்குத்தான். ஆனாலும் தோற்றுப்போன வடிவமைப்புக்கு நினைவுக்கல் வைக்கிற வழக்கம் நம் தொழிலில் அபூர்வம். 1987-இலிருந்து ஓடிய 'வோர்டெக்ஸ்' 2019-இல் போய்விட்டது. புதிதாக 'ஓரியன்', 2020-இல் வந்தது. இறக்கம் 300 அடி. நம்ம முதலாம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால் கீழே வரும்போது மணிக்கு 152 கிலோமீட்டர் வர வேண்டும். அவர்கள் சொல்லும் வேகம் 91 மைல், அதாவது 146. உராய்வுக்கும் காற்றுக்கும் இவ்வளவுதான் கப்பம்! வாசலில் என் மகளை அளந்தார்கள். 54 அங்குலம் வேண்டும், அவள் ஐம்பதுதான். எட்டு வயசுக்கு அழுகை வந்தது. அந்தப் பையன் சிரித்த முகத்தோடு, ஆனால் அசையாமல், முடியாது என்றான். நான்கு அங்குலம்தானே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பீஸ்டுக்கு 48 அங்குலம் போதும். "ஏங்க, பாப்பாவை அதுல ஏத்தணுமா?" என்றாள் மனைவி. மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். வரிசையில் போய் நின்றோம். காட்டுக்குள்ளிருந்து மரம் அதிர்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போது அவள் கேட்டாள்: "இது நல்லா இருக்கான்னு யாருப்பா செக் பண்ணுவாங்க?"

தெரிந்ததைச் சொன்னேன். மரக் கோஸ்டர் என்றால் தினமும் காலையில் திறப்பதற்கு முன்னால் ஆட்கள் பாதை மேலேயே நடந்து போய்ப் பார்ப்பார்கள், தளர்ந்த போல்ட்டை முடுக்குவார்கள், தேய்ந்த பலகையை மாற்றுவார்கள் என்றேன். பிறகு ஆள் இல்லாமல் வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள் என்றேன். மேலும் கீழும் பக்கத்திலும் சக்கரம் இருப்பதால் வண்டி பாதையை விட்டு எழும்ப முடியாது, 1919-லேயே ஜான் மில்லர் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார் என்றும் சொன்னேன். அந்த மாநிலத்தில் ராட்டினங்களைச் சோதித்து அனுமதி கொடுப்பது வேளாண்மைத் துறை என்று சொன்னதும் அவளுக்கு ஒரே சிரிப்பு.

சொல்லாதது ஒன்று இருந்தது. அதே ஒஹாயோவில், 2017 ஜூலையில், கொலம்பஸ் நகரில் நடந்த மாநிலப் பொருட்காட்சியில் 'ஃபயர் பால்' என்ற ஊஞ்சல் ராட்டினத்தின் கை ஓடிக்கொண்டிருக்கும்போதே முறிந்தது. பதினெட்டு வயதுப் பையன் அங்கேயே இறந்தான். அதைச் சோதித்து, ஓட்டலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். துரு எஃகுக் குழாயின் உள்பக்கம் இருந்தது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தால் உள்ளே தின்றிருப்பது எப்படித் தெரியும்? 2019-இல் அந்தப் பையன் பெயரால் சட்டம் கொண்டுவந்து சோதனையைக் கடுமையாக்கினார்கள். அந்தச் சோதனையாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். நான் பார்க்காமலே போட்டவன்.

எங்கள் முறை வந்தது. உட்கார்ந்தோம். இருபது வயசு இருக்கும், ஒரு பெண் ஒவ்வொரு வரிசையாக வந்து மடிக்கம்பியைக் கையால் அழுத்தி, பிறகு இழுத்துப் பார்த்தாள். பார்வையால் இல்லை, கையால். எல்லா வரிசையும். அன்றைக்கு எத்தனை நூறு தடவை இழுத்திருப்பாளோ! மகளுடையதை இழுத்தாள், என்னுடையதை இழுத்தாள், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அவள் நகர்ந்ததும் நான் மகளுடையதை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

மறுபக்கம் வெளியே போகும் வழி திறந்துதான் இருந்தது. பார்த்தேன். மகளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

பயணத்தைப் பற்றி என்ன சொல்ல? பாதி நேரம் கண்ணை மூடியிருந்தேன். சுரங்கத்துக்குள் நுழையும்போது தலை இடிக்கும் என்று நினைத்துக் குனிந்தேன். இரண்டாவது ஏற்றத்தில் மெதுவாக, டக் டக் என்று ஏறும்போது மட்டும் கண்ணைத் திறந்தேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். அதற்கப்புறம் சரிவில் இறங்கி, இருட்டில் வட்டமாகச் சுழன்று, மரம் முழுக்க அலறி... அந்த இடத்தை எழுதிக் காட்ட எனக்கு வராது. முதுகு இரண்டு நாள் வலித்தது.

ஊருக்கு வந்த வாரம் பழைய கோப்பிலிருந்து அந்த 2019-ஆம் வருஷத் தாளை எடுத்து, என் மேலதிகாரி மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கும் எழுதினோம். ஒப்பந்தம் போய்விட்டது. அது நியாயம்தான். இப்போது கவர்னர் சோதனைக்கு நான் போனால், லிஃப்ட் நிற்கும் நேரத்தை ஒரு வாரம் முன்னாலேயே ஒட்டிவிடுகிறேன். நிச்சயதார்த்தம் இருந்தால் பெரியவர்களுக்கு நாற்காலி நான் தூக்குகிறேன்.

அன்றைக்குக் கீழே இறங்கியதும் நம்ம மெஸ் செக்ரட்டரி எல்லாருடைய பையையும் பிடித்துக்கொண்டு நின்றான். "இந்தத் தடவை என் முறைடா" என்றான். மகள் கேட்டாள்: "இன்னொரு தடவை போலாமாப்பா?" இருட்டிக்கொண்டு வந்தது. வரிசை ஒன்றரை மணி என்று போட்டிருந்தது. போய் நின்றோம்.