மலையின் சொந்த மரம்

உதகை, கோடைக்கானல் என்றதும் கவிஞர் நெஞ்சில் பைன் மரமே எழுகிறது. அதுவோ மெக்சிகோ முதலான நாடுகளிலிருந்து கொணர்ந்து நடப்பட்ட விருந்தாளி. தென்னிந்திய மலைகளில் தானே வளரும் கூம்புத் தாவரம் ஒன்றே ஒன்றுதான். 'நாகேயா வாலிச்சியானா' என்பது அறிவியலார் இட்ட பெயர். முற்பாதி 'நாகி' என்னும் ஜப்பானிய மரப்பெயர், பிற்பாதி டென்மார்க்கில் பிறந்த தாவரவியலார் வாலிக்!

அகத்தியமலையிலும் ஆனைமலையிலும் பசுமைமாறாக் காட்டினூடே அது நிற்கிறது. ஊசியிலை இல்லை, அகன்ற இலை. அவ்விலையில் நடுநரம்பும் இல்லை. இணையாக ஓடும் நுண்நரம்புகளே உள்ளன. பூக்காத மரம், சதைப்போர்வை மூடிய விதை சிறு கனியெனத் தோன்றும். ஆகவே காண்போர் அதனைப் பிறிதொரு காட்டுமரமென்றே கடந்துவிடுவர். ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. அருகிருந்த ஆண்மரங்கள் வெட்டுண்டால், எஞ்சிய பெண்மரம் விதையின்றியே நிற்கும்.