எங்கள் வீட்டு 820 அடி



நான் பத்தாவது வரைதான் படித்தேன். மேடைப் பேச்சு பழக்கம் இல்லை, அதனால் எழுதி வைத்துப் படிக்கிறேன். கடன் வாங்கி மாடு வாங்கிய கதை, கடை வைத்த கதையெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் தண்ணீர் வராத போர் கதையைச் சொல்கிறேன்.

குழுவில் 90,000 ரூபாய் கடன் எடுத்தோம். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் இடம் காட்டினார். ராத்திரி ரிக் வண்டி வந்தது. 300 அடியில் வெறும் புகை. "இன்னும் கொஞ்சம் போனா வந்துரும்மா" என்றார்கள். 500 ஆச்சு, 700 ஆச்சு. 820 அடியில் நிறுத்தினோம். விடிந்து பார்த்தால் துளசி மாடம் வரைக்கும் கல்மாவு. பக்கத்துக் காட்டில், 60 அடி தள்ளி இருக்கிற போரில் 180 அடியிலேயே தண்ணீர்! எங்க வீட்டுக்காரர் மூணு நாள் யாரிடமும் பேசவில்லை. 24 மாதம் தவணை கட்டினேன்.

அப்புறம் குழு சார்பாக ஒரு நீர்வடிப்பகுதிப் பயிற்சிக்குப் போனேன். பாடம் எடுத்த சார், "உங்க வீட்டு ஆட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றினால் கல்லுக்குள்ளே இறங்குமாம்மா?" என்று கேட்டார். இறங்காது. "அதே ஜாதிக் கல்தான் உங்க ஊருக்கு அடியில்" என்றார்.

தமிழ்நாட்டில் முக்கால் பங்கு கிட்ட இப்படிக் கடினப் பாறைதானாம். நம்ம தருமபுரி முழுக்கவே அப்படி. பாறைக்குள் ஆறு ஓடவில்லை. தண்ணீர் இருப்பது இரண்டே இடம். ஒன்று, மேலே வெயிலிலும் மழையிலும் இத்துப்போன பாறை, கடப்பாரைக்குப் பொலபொலவென்று உதிருமே, அது. பஞ்சு மாதிரி மழைநீரைப் பிடித்து வைக்கிறது. இன்னொன்று, அதற்குக் கீழே இருக்கிற வெடிப்பு. வெடிப்பில் துளை பட்டால் தண்ணீர், ஒரு முழம் தள்ளிப் போனால்கூட புகை. ஆழம் போகப் போக மேல்பாரம் அழுத்தி வெடிப்பும் குறைந்துகொண்டே போகும். நாங்கள் 300-க்குக் கீழே கொட்டியது ஏறக்குறைய சூதாட்டக் காசு. அதிலும் கொடுமை, மேலே ஈரமாக இருந்த உதிரிப் பாறையை நாங்களே கேசிங் பைப் போட்டு அடைத்துவிட்டோம்.

எங்க சின்னம்மா பொண்ணைக் கடலூர் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. அங்கே மணற்பாறை. மணலுக்கு மணல் இடைவெளி இருப்பதால் தண்ணீர் நிறையத் தங்கும், நடக்கவும் நடக்கும். நெய்வேலியில் நிலக்கரி வெட்டுவதற்கு, அடியிலிருந்து முட்டிக்கொண்டு வரும் தண்ணீரை ஓயாமல் பம்பு வைத்து இறைக்கிறார்கள். "ஆழமாப் போடு, வரும்" என்பது அங்கே சரி. நமக்குச் சரியில்லை. களிமண் இன்னொரு தினுசு. தண்ணீரை நிறையக் குடிக்கும், ஆனால் விடாது. எங்க மாமியார் சுருக்குப்பை மாதிரி!

(சிரிக்காதீங்க, அவங்களும் வந்திருக்காங்க.)

இப்போது எங்களுக்குத் தண்ணீர் கொடுப்பது மாமனார் காலத்துக் கிணறு. குப்பை கொட்டிப் பாதி தூர்ந்து கிடந்ததைத் தூர் வாரி, சைடு போர் இரண்டு போட்டோம். கிணறு அந்த உதிரிப் பாறையில்தான் வெட்டியது, நாலு பக்கமும் ஊறி வருகிறது. கொட்டுகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். கோடையில் காலை ஒரு மணி நேரம்தான் மோட்டார் ஓடும். மாட்டுக்கும் அரை ஏக்கர் தீவனத்துக்கும் ஆகிறது. ஏரி நிரம்பினால் கிணறு ஏறும், ஏரி காய்ந்தால் இறங்கும்.

1989-ல் மகளிர் குழு முதலில் வந்ததே நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். இத்தனை வருஷமாகப் போர் கடன் மனுவில் நாம் கேட்பது ஜாமீன் யார், தவணை எத்தனை என்பதுதான். அடியில் என்ன பாறை என்று கேட்டதில்லை. இனி கருவி வைத்துப் பார்த்த அறிக்கை இல்லாமல் போர் கடன் கொடுக்க வேண்டாம். கருவி பார்த்தாலும் சில போர் பொய்க்கும், ஆனால் எங்கே நிறுத்துவது என்றாவது தெரியும். பழைய கிணறு தூர் வார உள்கடன் கேட்டால் முதலில் கொடுங்கள்.

இதை மனுவாக எழுதிச் செயலாளர் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். எங்க குழுவில் 14 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதில் மூணு பேர் தண்ணீர் வராத போருக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறவர்கள்.