பிள்ளை வேலையை விட்டு ஸ்டார்ட்அப் ஆரம்பித்தால்

(ஆகுர்டியில் நடந்த நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காரியதரிசி மாமா போன மாதம் போன் பண்ணி, "நம்மாத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் நல்ல வேலையை விட்டுட்டு ஸ்டார்ட்அப், ஆக்ஸிலரேட்டர் என்று சொல்லிண்டு இருக்கா. பெற்றவாளுக்கு ஒண்ணும் புரியலை. நீ அந்த வழியில் போனவன், வந்து சொல்லு" என்றார். ஆகவே இன்று பிள்ளைகளைவிடப் பெற்றோரைப் பார்த்தே பேசப் போகிறேன். பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து கேட்டால் சந்தோஷம்.

நம்மவர்கள் இந்தப் பக்கம் குடிவந்ததே வேலைக்காகத்தான். பிம்ப்ரியில் 1954-ல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்தது. பிறகு டெல்கோ வந்தது, ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோ வந்தது. சேதக் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்த நாட்கள் இங்கே பல பேருக்கு நினைவிருக்கும். அந்த ஆலைகளின் ஷிப்ட் சங்குதான் நம் வீடுகளில் கடிகாரம். பிராவிடண்ட் ஃபண்டும் கிராஜுவிட்டியும்தான் பிராதிகரணில் வீடு கட்டின, பெண்களுக்குக் கல்யாணம் பண்ணின. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை, "வேலையை விடப் போகிறேன்" என்றால் அப்பாவுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அதில் தப்பே இல்லை.

ஆக்ஸிலரேட்டர் என்றால் என்ன? காலால் மிதிக்கிற சமாசாரம் இல்லை. புதிதாகத் தொடங்கிய கம்பெனிகளைக் கூட்டமாகத் தேர்ந்தெடுத்து, மூன்று மாதம் போலக் கூட இருந்து, கொஞ்சம் பணமும் நிறைய புத்திமதியும் கொடுத்து, கடைசியில் முதலீட்டாளர்கள் முன்னால் நிறுத்துகிற அமைப்பு. பதிலுக்குக் கம்பெனியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இன்குபேட்டர் என்பது வேறு. அங்கே இடம், ஆய்வுக்கூடம், வழிகாட்டிகள் எல்லாம் கிடைக்கும்; இரண்டு மூன்று வருஷம்கூட இருக்கலாம். பாஷாணில் தேசிய ரசாயன ஆய்வுக்கூட வளாகத்தில் 2007-ல் தொடங்கிய வென்ச்சர் சென்டர் இந்த இரண்டாவது ஜாதி. பிள்ளை எதற்கு விண்ணப்பிக்கிறான் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவனுக்கே பதில் தெரியாவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஆக்ஸிலரேட்டர்களுக்கெல்லாம் மூத்தது அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர். 2005 மார்ச்சில் பால் கிரஹாம், ஜெஸிகா லிவிங்ஸ்டன் தம்பதியும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். ஏர்பிஎன்பி 2009-ல் அதில் சேர்ந்தது. நம் ஊர் ரேஸர்பே 2015-ல் போய் வந்தது. விண்ணப்பிக்கிற நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் இடம். ஐஐடி நுழைவுத் தேர்வைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு பயமுறுத்தாது. ஆனால் அங்கே பரீட்சைத்தாள் வேறு மாதிரி.

நான் அந்தப் படிவத்தை நிரப்பிய கதையைச் சொல்கிறேன். என் கூட்டாளி ஒரு மராட்டியர். நாங்கள் செய்தது சின்னப் பெட்டி. போஸரி, சின்ச்வட் பக்கத்துச் சிறு பட்டறைகளில் இருக்கும் சிஎன்சி மெஷினுக்குப் போகிற மின்கம்பியில் மாட்டினால், மெஷின் எப்போது ஓடியது, எப்போது சும்மா நின்றது என்று எழுதி வைக்கும். படிவத்தைத் திறந்தால் பெரிய பெரிய கேள்விகள் வரும் என்று நினைப்போம். வருவதோ ரொம்பச் சாதாரணக் கேள்விகள். உன் கம்பெனி என்ன செய்கிறது, ஒரே வரியில் சொல். யார் வாங்குகிறார்கள்? எத்தனை பேர் காசு கொடுக்கிறார்கள்? இவ்வளவு நாள் அவர்கள் இதற்கு என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நீங்கள் இரண்டு பேரும் எப்படிச் சந்தித்தீர்கள், பங்கு எப்படிப் பிரித்திருக்கிறீர்கள்? கூட ஒரு நிமிஷ வீடியோ. அலங்காரம் வேண்டாம், உட்கார்ந்து பேசினால் போதும்.

இந்த "யார் வாங்குகிறார்கள்" என்ற கேள்விக்காக நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாதம் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினோம். முதலாளிகள் டீ கொடுத்தார்கள், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், "நல்லா இருக்கு" என்றார்கள். நல்லா இருக்கு என்றால் வாங்க மாட்டேன் என்று அர்த்தம். எங்கள் வரைபடங்களை ஒருவரும் பார்க்கவில்லை. பகலில் மெஷின் நிற்பது அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே நடக்கிறதே, அதற்கு எதற்குப் பெட்டி? கடைசியில் ஒரு பெரியவர் சொன்னார்: "ராத்திரி ஷிப்ட் ஓடினதா இல்லையா என்று தெரியாமல்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. காலை ஆறு மணிக்கு எனக்கு ஒரு மெஸேஜ் அனுப்ப முடியுமா?" முடியும் என்றோம். அன்றைக்கே முன்பணம் கொடுத்தார். பெட்டி அதே பெட்டிதான். விற்பது மட்டும் வேறு பொருளாகிவிட்டது. அந்த வாரம் படிவத்தில் முதல் வரியை மாற்றி எழுதினோம்: "சிறு பட்டறை முதலாளிக்கு, இரவில் எத்தனை உருப்படி ஆனது என்று காலை ஆறு மணிக்குச் சொல்கிறோம்."

பிறகும் மூன்று இடத்தில் இல்லை என்றார்கள். இரண்டு வரி மின்னஞ்சல், அவ்வளவுதான். காரணம் சொல்ல மாட்டார்கள். ஓரிடத்தில் நேர்காணல் வரை போனோம். பத்து நிமிஷம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனால்கூட அதைவிட அதிக நேரம் உட்கார வைப்பார்கள். நான்காவதாகப் புனேயிலேயே ஓர் இன்குபேட்டரில் இடம் கிடைத்தது. அதற்குள் பதினோரு பட்டறைகள் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தன. எங்களைத் தேர்ந்தெடுத்தவர் பின்னால் சொன்னார், அந்தப் பதினொன்றுதான் காரணம் என்று. என் அபிப்பிராயத்தில் விண்ணப்பத்தின் பலன் இடம் கிடைப்பதில் பாதிகூட இல்லை. அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு வெளியே போய் நாலு பேரைக் கேட்கிறோமே, அதில்தான் இருக்கிறது. அதற்கு அமெரிக்கா வேண்டாம், ஆகுர்டி ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ போதும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஏதர். சென்னை ஐஐடியில் என்ஜினீயரிங் டிசைன் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இரண்டு பையன்கள், வேலையை விட்டுவிட்டு 2013-ல் தொடங்கினார்கள். முதலில் அவர்கள் செய்ய நினைத்தது பேட்டரி. மின்சார ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களிடம் பேசிப் பார்த்தபோதுதான், பேட்டரி மட்டுமில்லை, வண்டியே சரியில்லை என்று தெரிந்தது. ஆகையால் வண்டியையே செய்வதென்று முடிவெடுத்தார்கள். ஆரம்பத்தில் கை கொடுத்தது ஐஐடியின் இன்குபேஷன் அமைப்புதான். 2014-ல் பிளிப்கார்ட் நிறுவனர்கள் பத்து லட்சம் டாலர் போட்டார்கள். முதல் ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்தது 2018-ல். நடுவில் ஐந்து வருஷம்! 2025 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தபோதும், அதற்கு முந்தைய நிதியாண்டில் 800 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். பேப்பரில் வெற்றிக் கதை என்று படிக்கிறோமே, அதன் உள்ளே இருக்கிற காலம் இது. நம் ஆகுர்டியும் இந்தக் கதைக்குள் வந்துவிட்டது. பஜாஜ் சேதக்கை மின்சார வண்டியாக 2020 ஜனவரியில் கொண்டுவந்தார்கள். 2022 ஜூனில் இங்கே ஆகுர்டியிலேயே அதற்குத் தனி ஆலை திறந்தார்கள். அப்பா ஷிப்ட் போன இடத்தில் இன்று வேறு வண்டி உருள்கிறது.

இனி பணம். பெற்றோர் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி.

ஒய் காம்பினேட்டர் 2022 முதல் ஐந்து லட்சம் டாலர் கொடுக்கிறது. அதில் 1.25 லட்சத்துக்கு ஏழு சதவீதப் பங்கு. மீதி 3.75 லட்சம், அடுத்த முதலீட்டாளர் வரும்போது அவர் விலையில் பங்காக மாறும். ஏழு சதவீதம்தானே என்று தோன்றும். இரண்டு பையன்கள் ஆளுக்கு ஐம்பது வைத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு போனால் இருவருக்கும் சேர்த்து 93. அடுத்து வருபவர் இருபது சதவீதம் எடுத்தால் 74.4. ஆளுக்கு 37.2. அந்த 3.75 லட்சமும் ஊழியர் பங்கும் இன்னும் இந்தக் கணக்கில் வரவில்லை. பங்கு குறைவது கெடுதல் இல்லை, கம்பெனி வளர்ந்தால். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு நல்ல ஆடிட்டரையும் பாருங்கள்.

இன்னொன்று. அங்கே சேர, தாய்க் கம்பெனி அமெரிக்கா, சிங்கப்பூர் மாதிரி இடங்களில் பதிவாக வேண்டும். பிற்பாடு திரும்பி வரவும் செலவு உண்டு. 2018-ல் அங்கே போன குரோ கம்பெனி, 2024-ல் தலைமையகத்தை அமெரிக்காவின் டெலவேரிலிருந்து இந்தியாவுக்கு மாற்றியபோது ஏறக்குறைய 1,340 கோடி ரூபாய் வரி கட்டியது. நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு பெரிய பிரச்சினை வந்தால் சந்தோஷம்தான், ஆனாலும் தெரிந்திருக்கட்டும்.

உள்நாட்டு வழியும் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு 945 கோடி ரூபாயில் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம் அறிவித்தது. இன்குபேட்டர்கள் வழியாக, மாதிரிப் பொருள் செய்ய 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ பங்காக மாறும் கடனாகவோ. கம்பெனி பதிவாகி இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. இப்படிப்பட்ட திட்டங்களில் தேதி தவறினால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் திட்டம் இப்போது திறந்திருக்கிறது என்று பிள்ளையே பார்த்து, உங்களுக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும்.

வீட்டுப் பத்திரத்தை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். ரிடையர்மென்ட் பணமும் அப்படித்தான். அப்பாவுக்கு அறுபத்தைந்து வயதில் பத்திரம் பாங்கில் இருந்தால், பிள்ளை ஒவ்வொரு முடிவையும் பயத்தில் எடுப்பான். என் வீட்டில் என் மனைவியின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. இருபது மாதம் நான் ஒரு பைசா கொண்டுவரவில்லை. அதற்கு முன்பே நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, இத்தனை மாதம், இத்தனை ரூபாய், அதற்கு மேல் இல்லை என்று எழுதி வைத்தோம். குழந்தையின் ஸ்கூல் பீஸும், அம்மா அப்பாவின் மெடிக்கல் இன்ஷூரன்ஸும் முதல் இரண்டு வரி. பிள்ளை வேலையை விடும் அன்று கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸும் போய்விடும். இதை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

கல்யாண விஷயமும் சொல்லியாக வேண்டும், மாமிகள் என்னைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறது. ஜாதகத்தோடு வரும் பயோடேட்டாவில் "சொந்தக் கம்பெனி" என்றிருந்தால் எடுத்த எடுப்பில் ஓரமாக வைத்துவிடுகிறார்கள். வைக்க வேண்டாம், விசாரியுங்கள். எத்தனை பேர் பணம் கட்டி வாங்குகிறார்கள், கடன் யார் பேரில் இருக்கிறது, இன்னும் எத்தனை மாதத்துக்குக் கையில் பணம் இருக்கிறது என்ற மூன்றையும் கேட்டால் போதும். ஒழுங்காக நடத்துகிற பையனோ பெண்ணோ இதற்கு உடனே பதில் சொல்வார்கள். ஆக்ஸிலரேட்டர்காரர்களும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறார்கள்.

"மூடிவிட்டால் என்ன ஆகும்?" என்று முன்வரிசையில் மாமா கேட்கிறார். மூடுவதற்கும் முறை இருக்கிறது. ஊழியர் சம்பளம், ஜிஎஸ்டி, டிடிஎஸ் பாக்கிகளைக் கட்டிவிட்டு, கம்பெனிப் பதிவாளரிடம் முறைப்படி மனு கொடுத்து மூட வேண்டும். சும்மா விட்டுவிட்டால் வருஷாவருஷம் அபராதம் ஏறும். அப்படி மூடிவிட்டு வேலைக்குத் திரும்பிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். விட்ட இடத்தைவிட ஒரு படி மேலேதான் இருவருக்கும் வேலை கிடைத்தது. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

சமையல்காரர் இலை போடட்டுமா என்று கேட்கிறார். விண்ணப்பம் எழுதுகிற பிள்ளைகள் யாராவது இருந்தால், ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நான் வீட்டில் இருப்பேன், படிவத்தோடு வரட்டும். பணம் கொடுத்து வாங்கிய ஒருவருடைய போன் நம்பரையும் கூட எடுத்து வரச் சொல்லுங்கள். முதலில் அவரிடம்தான் பேசுவேன்.