வால் நட்சத்திரம்: அபசகுனமா, கரையும் பனியா?

(படிப்பகத்தில் ஆற்றிய உரை)



வால் நட்சத்திரம் தோன்றினால் அரசனுக்கு ஆபத்து, நாட்டுக்குப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கினார்கள். அந்தப் பயத்தைக் காட்டிப் பரிகாரத்துக்குக் காசு பறித்தவர்களும் உண்டு. அந்த வால் எதனால் ஆனது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அது நட்சத்திரமே அல்ல. பனியும் புழுதியும் கலந்த, சில கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டி. அதில் உறைந்திருப்பது தண்ணீர் மட்டுமல்ல. கரியமில வாயுவும் கடுங்குளிரில் உறைந்து கிடக்கிறது.

சூரியனை நெருங்கினால் இந்தப் பனி உருகி ஓடுமா? ஓடாது. அங்கே காற்று இல்லை. ஆகவே அது நேரே ஆவியாகிறது. திறந்து வைத்த கற்பூரம் உருகாமலே கரைந்து மறைகிறதல்லவா? அது போலத்தான். கரியமில வாயுப் பனி தொலைவிலேயே ஆவியாகத் தொடங்கும். தண்ணீர்ப் பனி கிட்டே வந்த பிறகுதான் வேகம் பிடிக்கும். ஆவி புழுதியையும் வாரிக்கொண்டு கிளம்புகிறது. சூரிய ஒளி அந்தப் புழுதியைத் தள்ளி நீளச் செய்கிறது. வால் என்பது இதுதான்!

இது வெறும் ஊகமல்ல. 1969-ம் ஆண்டில் சோவியத் நாட்டில், ஸ்வெத்லானா கெராசிமென்கோ என்ற பெண்மணி எடுத்த படத்தில் கிளிம் சுருயுமோவ் ஒரு புது வால் நட்சத்திரத்தைக் கண்டார். அது சுமார் ஆறரை ஆண்டுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றுகிறது. ஐரோப்பிய விண்கலம் ரோசெட்டா 2004-ல் புறப்பட்டு, பத்தாண்டுப் பயணத்துக்குப் பின் 2014-ல் அதை அடைந்து, 2016 வரை கூடவே சென்றது.

கண்டது என்ன? தொலைவில் இருக்கையில் அதன் மேனியில் கரும்புழுதி மூடிக் கிடந்தது. நீறு பூத்த நெருப்பைப் போல, இது நீறு பூத்த பனி! சூரியனை நெருங்க நெருங்க ஆவி புழுதியை ஊதித் தள்ளியது. அடியிலிருந்த பனி வெளிப்பட்டு, மேனியில் நீலச் சாயல் கூடியது. 2015 ஆகஸ்டில் சூரியனுக்கு மிக அருகே சென்று திரும்பியது. விலகிப் போகப் போக மீண்டும் புழுதி மூடிச் செந்நிறச் சாயல் திரும்பியது. பஞ்சுத் தூசி படிந்த இயந்திரத்தை ஊதினால் இரும்பு பளிச்சிடுகிறது. மறுபடி தூசி படிகிறது. மில் தோழர்கள் அன்றாடம் காணும் காட்சிதானே!

இன்னொன்று. நிழல் விழும்போது உள்ளிருந்து வரும் ஆவி மேலே பனியாகப் படியும். வெயில் பட்டதும் மறையும். மார்கழிப் பனி வெயில் ஏறினால் வயலில் நிற்குமா?

ஆனால் போனதெல்லாம் திரும்புவதில்லை. அந்த ஒரே சுற்றில் ஏறக்குறைய ஒரு கோடி டன் பொருள் பறந்துவிட்டது. மொத்த எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நமக்குக் கேடு செய்வதாகச் சொல்லப்பட்ட அது, உண்மையில் சுற்றுக்குச் சுற்று தானே தேய்கிறது!

தோழர்களே, 2061-ல் ஹாலி வால் நட்சத்திரம் மறுபடி வரும். இன்று நம் மடியில் தவழும் குழந்தைகள் அன்று அதைப் பார்ப்பார்கள். அவர்கள் கதவை அடைத்துக்கொண்டு நடுங்க வேண்டாம். தம் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்து வந்து, “அதோ பார், பனி கரைகிறது” என்று காட்டட்டும். அதற்கு இன்றிரவே வீட்டில் இதைச் சொல்லுங்கள்.