சின்ன அணை யாருக்குச் சின்னது?

நிலக்கரி மின்சாரம் பத்திப் பேசின எபிசோடுக்கு நிறைய வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. அதுல ஒண்ணு மனசுல நின்னுடுச்சு. "அக்கா, பெரிய அணை வேணாம்னு சொல்றீங்க, சரி. மலையில சின்னச் சின்னதா நீர்மின் நிலையம் கட்டினா யாருக்கு என்ன நஷ்டம்? புகை இல்ல, ஊரை மூழ்கடிக்கறதும் இல்லையே?"

நல்ல கேள்வி. புதுச்சேரியில மலை கிடையாது, நீர்மின் நிலையமும் கிடையாது. ஆனா இதுக்குப் பாதி பதில் நம்ம பீச் ரோட்டுலயே இருக்கு.

எங்க தாத்தாவுக்குக் கடற்கரைன்னா மணல். எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து கருங்கல்தான். 1980-களோட கடைசியில, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்துல துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள ரெண்டு கல் தடுப்புகளை நீட்டினாங்க. நம்ம கரையில, வருஷக் கணக்கா பார்த்தா, அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கிட்டே இருக்கும். தடுப்பு அந்த மணலைத் தெற்குப் பக்கமே பிடிச்சு வெச்சுக்கிச்சு. வடக்கே இருக்கற நகரத்துக்குப் புது மணல் வரல. அலை மட்டும் வந்து, இருந்த மணலையும் அள்ளிட்டுப் போயிடுச்சு. கரையைக் காப்பாத்தக் கல்லைக் கொட்டினோம். அரிப்பு நிக்கல, இன்னும் வடக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் மீனவர் ஊர்களுக்குப் போச்சு. 2018-19 வாக்குல தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கு அடியில ஒரு செயற்கைத் திட்டு அமைச்ச பிறகுதான் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கு.

அது சின்னத் துறைமுகம்தான். ஆனா அது நிறுத்தினது ஒரு கடற்கரைக்கே போக வேண்டிய மணலை. இதை மனசுல வெச்சுக்கிட்டு இப்ப மலைக்குப் போவோம்.

சின்ன நீர்மின் திட்டம் எப்படி வேலை செய்யுது? ஆத்துக்குக் குறுக்கே ஒரு தாழ்வான தடுப்பு. அங்கிருந்து தண்ணியைக் கால்வாய்லயோ சுரங்கத்துலயோ திருப்பி, மலைச்சரிவுல குழாய் வழியா வேகமா இறக்கி, டர்பைனைச் சுத்த வெச்சு, கீழே மறுபடி ஆத்துலயே விட்டுடுவாங்க. எடுத்த தண்ணியைத் திருப்பிக் கொடுத்தாச்சே, அப்புறம் என்ன? எடுத்த இடத்துக்கும் விட்ட இடத்துக்கும் நடுவுல இருக்கற ஆறுதான் பிரச்சினை. அது ரெண்டு கிலோமீட்டராவும் இருக்கலாம், பத்தாவும் இருக்கலாம். கோடையில அது வெறும் பாறை.

சின்னதா ஒரு கணக்கு. நொடிக்கு 1,000 லிட்டர் தண்ணி 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தா, கையில கிடைக்கிறது சுமார் 800 கிலோவாட். 24 மெகாவாட் வேணும்னா அதே உயரத்துக்கு நொடிக்கு 30,000 லிட்டர் வேணும். தண்ணி கம்மின்னா உயரத்தைக் கூட்டணும். உயரத்தைக் கூட்டணும்னா தண்ணியை இன்னும் தூரம் கொண்டு போகணும். அப்ப காயற ஆறும் நீளும்.

24-ன்னு ஏன் சொன்னேன்? 2006-ல வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 25 மெகாவாட்டுக்குக் கீழே இருக்கற நீர்மின் திட்டத்துக்கு அந்த மதிப்பீடே தேவையில்ல. அதனால அதோட வர்ற மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்ல. காட்டு நிலம் எடுத்தா வன அனுமதி வாங்கணும், அது வேற. ஒப்பிட்டுப் பாருங்க: நம்ம யூனியன் பிரதேசத்துக்குன்னு காரைக்கால்ல இருக்கற எரிவாயு மின் நிலையமே 32.5 மெகாவாட்தான். சட்டம் "சின்னது"ன்னு சொல்றது அதுல முக்கால் பங்கு.

இதனால யாருக்கு என்ன ஆகும்? உத்தராகண்ட்ல ரைணின்னு ஒரு ஊர். 1974-ல கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரம் வெட்ட வந்தவங்களைத் தடுத்து நின்ன சிப்கோ ஊர் அதுதான். அந்த ஊருக்குக் கீழே ரிஷிகங்கா ஆத்துல 13.2 மெகாவாட் திட்டம் ஒண்ணு வந்துச்சு. வெடி வைக்கிறாங்க, கழிவை ஆத்துல கொட்டறாங்கன்னு ஊர்க்காரங்க 2019-ல உயர் நீதிமன்றத்துக்கே போனாங்க. 2021 பிப்ரவரி 7 அன்னிக்கு, மேலே மலையிலிருந்து பாறையும் பனியும் சரிஞ்சு விழுந்து, அந்த வெள்ளத்துல திட்டமே அடிச்சுக்கிட்டுப் போச்சு. கீழே தபோவன்ல கட்டிக்கிட்டிருந்த பெரிய திட்டத்தையும் சேர்த்து, இறந்தவங்களும் காணாமப் போனவங்களும் 200-க்கும் மேல. பெரும்பாலும் வேலைக்கு வந்த தொழிலாளிங்க.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அந்த வெள்ளத்தை அந்தத் திட்டம் உண்டாக்கல. ஆனா இப்படிப்பட்ட இடத்துல ஆளுங்களை நிறுத்தி வேலை வாங்கலாமான்னு கட்டறதுக்கு முன்னாடி கேக்கறதுதான் மதிப்பீட்டோட வேலை.

அப்ப, சின்னத் திட்டத்தை எப்படி மதிப்பிடணும்? நான் நாலு கேள்வி கேப்பேன்.

முதல் கேள்வி, கோடையில எவ்வளவு தண்ணி? வருஷ சராசரி ஏமாத்தும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல, வறண்ட கால நீரோட்டத்துல 15-லிருந்து 20 சதவீதமாவது ஆத்துல ஓடணும்னு உத்தரவு போட்டுச்சு. அது காகிதத்துல மட்டும் ஓடுதா, நிஜத்துல ஓடுதான்னு அளக்கறது யாரு?

ரெண்டாவது, அந்த ஆத்துல இது எத்தனாவது திட்டம்? ஒண்ணு விட்ட தண்ணியை அடுத்தது எடுத்துக்கும். ஒவ்வொண்ணையும் தனித்தனியா பார்த்தா எல்லாமே சின்னதுதான். மீனுக்கு மொத்த ஆறும் ஒரே வழி.

மூணாவது, திட்டத்தோட சேர்ந்து வர்றது என்ன? ரோடு, வெடி, கழிவு மண், மின்கம்பி. சில நிலையம் பகல்ல தண்ணியைத் தேக்கி, சாயங்காலம் மின் தேவை ஏறும்போது திறக்கும். கீழே துணி துவைச்சுக்கிட்டிருக்கறவங்களுக்கு யார் சொல்றது?

நாலாவது, அந்த ஆத்தை யார் எதுக்கெல்லாம் பயன்படுத்தறாங்க, அந்த மின்சாரம் யார் வீட்டுக்குப் போகுது? இதை ஆபீஸ்ல உக்காந்து எழுத முடியாது. தண்ணி எடுக்கற பெண்கள்கிட்டயும் மீன் பிடிக்கறவங்ககிட்டயும், ஏப்ரல் மாசம் போய்க் கேக்கணும்.

நல்ல பதில் வர்ற இடமும் இருக்கு. இலங்கையில 1990-கள்லேர்ந்து, மின்கம்பி எட்டாத மலைக் கிராமங்கள் பல, ஊர்ச் சங்கம் வெச்சு சில கிலோவாட் நீர்மின் நிலையத்தைத் தாங்களே நடத்துச்சு. விளக்கு எரியறது அவங்க வீட்டுல, ஓடை வத்தினா இருட்டறதும் அவங்க வீடுதான். அதனால மேலே இருக்கற காட்டை வெட்ட விடாம பார்த்துக்க அவங்களுக்கு ஒரு காரணம் இருந்துச்சு.

அதனால தம்பி, உங்க கேள்விக்கு என் பதில்: சின்னத் திட்டம் எல்லாமே கெட்டதுன்னு நான் சொல்லல. சின்னதுங்கறதாலயே கேள்வி கேக்காம விடறதுதான் தப்பு. நாம இங்க சுவிட்சைப் போடறவங்க, அந்த ஆறு நம்ம கண்ணுல படாது. ஆனா ஒரு தடுப்பு என்ன பண்ணும்னு பார்த்து வளர்ந்த ஊர்க்காரங்க நாம. அடுத்த தடவை பீச்ல அந்தக் கல்லு மேல உக்காரும்போது, "பசுமை மின்சாரம்"னு விளம்பரம் கண்ணுல பட்டா, எந்த ஆறு, எந்த மாசம், யாரைக் கேட்டாங்கன்னு மட்டும் கேட்டுப் பாருங்க.

உங்க சொந்த ஊர்ல ஓடையோ சின்ன ஆறோ இருந்தா, அதுக்கு என்ன ஆச்சுன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சேர்ந்து கேப்போம்.