“பசிக்கலை” என்ற சொல்லுக்குப் பின்னால்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் என் பெயருக்கு நேராக ‘உண்ணல் கோளாறுகள்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “இவன் மெக்கானிக்கல்தானே படிச்சான், எப்ப டாக்டர் ஆனான்?” என்று ஒரு நண்பர் வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. நான் டாக்டர் இல்லை. என் அக்கா மகளுக்கு இந்த நோய் வந்தது. இரண்டு வருஷம் அவளோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் தெரிந்துகொண்டதும், டாக்டர்களிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டதும்தான் என் மூலதனம். அவளுடைய சம்மதத்தோடுதான் பேசுகிறேன்.

நம்ம தர்மபுரிப் பக்கம் வயசுப் பிள்ளை ஒன்று சரியாகச் சாப்பிடவில்லை என்றால் நமக்கு என்ன தோன்றும்? அல்சர், காமாலை, வயிற்றில் பூச்சி, கண் திருஷ்டி. விரதம் என்றால் பெருமையாகவே இருக்கும். மனசு சம்பந்தப்பட்ட நோயாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றவே தோன்றாது. அது சீமைக்காரர்கள் வியாதி, மாடல் அழகிகளுக்கு வருவது என்று ஒரு நினைப்பு.

பெயர் வேண்டுமானால் சீமைப் பெயர். ‘அனொரெக்ஸியா நெர்வோசா’ என்று 1870-களில் பெயர் வைத்தவர் லண்டன் டாக்டர் வில்லியம் கல். ‘புலிமியா நெர்வோசா’வை 1979-ல் தனி நோயாக விவரித்தவர் ஜெரால்ட் ரஸ்ஸல், அவரும் லண்டன்தான். ஆனால் நோய் லண்டனோடு நிற்கவில்லை. சென்னையில் 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 1995-ல் வெளிவந்தது. முழு நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லாவிட்டாலும், சாப்பாட்டைப் பற்றிய தொல்லையான மனநிலை 31 பேரிடம் இருந்தது. கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர்! டாக்டராகப் போகிற பிள்ளைகளிடமே இந்தக் கதை. வேலூர் சி.எம்.சி.யின் குழந்தைகள் மனநலப் பிரிவிலிருந்து 2007-ல் வந்த ஆய்வில் 41 பிள்ளைகளுக்கு உண்ணல் கோளாறு. அதில் அனொரெக்ஸியா 6 பேருக்குத்தான். மீதி 35 பேருக்கும், உடம்பில் காரணம் எதுவும் இல்லாமல் மனசின் அழுத்தத்தால் வருகிற வாந்தி.

இந்த 35 பேர் விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். புத்தகத்தில், ‘குண்டாகிவிடுவோமோ என்ற பயம்’ இருந்தால் அனொரெக்ஸியா என்று எழுதியிருக்கும். ஆனால் ஹாங்காங்கில் 1993-ல் வெளியான ஆய்வில், 70 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தப் பயத்தைச் சொல்லவே இல்லை. வயிறு உப்புசமாக இருக்கிறது, பசிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். நம் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும். நாமும் கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுப்போம்.

என் அக்கா மகள் விஷயத்தில் நடந்தது இதுவேதான். அப்போது அவளுக்கு 18 வயது, வெளியூரில் ஹாஸ்டல். உயரம் 160 சென்டிமீட்டர். எட்டே மாதத்தில் எடை 61 கிலோவிலிருந்து 48-க்கு இறங்கியது. நாம் இன்ஜினியர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். 48-ஐ 1.6-ன் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. 18.75. சார்ட்டில் 18.5-க்கு மேல் என்றால் நார்மல். “எடை சரியாத்தானே இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார்கள், எவ்வளவு வேகமாக இறங்கியது என்று பார்க்கவில்லை. சொந்தக்காரர்களோ, “அடேயப்பா, நல்லா ஸ்லிம் ஆயிட்டியே!” என்று பாராட்டினார்கள். அல்சர் மாத்திரை, எண்டோஸ்கோப்பி, குலதெய்வத்துக்கு வேண்டுதல் எல்லாம் ஆயிற்று. மாதவிலக்கு நான்கு மாதமாக நின்றிருந்தது. அதற்குத் தனியாக ஒரு டாக்டர், தனியாக மாத்திரை.

கடைசியில் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? பல் டாக்டர். பல் கூச்சம் என்று போனாள். நம் மாவட்டத்தில் பல்லில் குறை என்றாலே ஃபுளோரைடு தண்ணீர் என்று முடிவு கட்டிவிடுவோம். 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன் போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தக் கறை உண்டுதான், என் பல்லிலும் இருக்கிறது. முதலில் பார்த்தவரும் அதையே சொன்னார். இரண்டாவதாகப் பார்த்த அம்மா, சின்ன வயசுக்காரர், கண்ணாடியை விட்டு மேல் முன்பற்களின் பின்பக்கத்தைப் பார்த்தார். ஃபுளோரைடு கறை, சிறுவயதில் பல் உருவாகும்போதே விழுவது, நாம் சிரித்தாலே தெரியும். இரைப்பை அமிலம் அரிப்பது பல்லின் உள்பக்கத்தை. என் அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “அடிக்கடி வாந்தி எடுக்கிறியாம்மா?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவள் அழுதுவிட்டாள்.

அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் 2.6. சாதாரணமாக 3.5-க்குக் குறையக் கூடாது. இதயத் துடிப்பு தாளம் தப்பி உயிரே போகக்கூடிய நிலை. மனநோய்களில் அதிகமாக உயிரை வாங்குகிறவற்றில் அனொரெக்ஸியாவும் ஒன்று என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனொரெக்ஸியாவில் எடை வேகமாகக் குறையும், வெயிலிலும் குளிரும், நாடி மெதுவாகும், முடி கொட்டும், உடம்பில் பூனைமுடி முளைக்கும், எழுந்தால் தலை சுற்றும். புலிமியாவில் எடை பெரும்பாலும் மாறாது, அதனால் வெளியே தெரியாது. கட்டுப்பாடில்லாமல் நிறையச் சாப்பிடுவது, பிறகு வாந்தி, பேதி மாத்திரை அல்லது வெறித்தனமான உடற்பயிற்சி. கன்னத்துக்குக் கீழே வீக்கம், விரல் முட்டியில் காய்ப்பு இருந்தால் சந்தேகப்படலாம். மூன்றாவது, அப்படிச் சாப்பிட்டுவிட்டு வெளியேற்றாமல் குற்ற உணர்ச்சியில் புழுங்குவது. பிஞ்ச் ஈட்டிங் என்று 2013-ல்தான் அமெரிக்கப் பட்டியலில் தனி நோயாக ஏறியது. இவை எல்லாம் பையன்களுக்கும் வரும். ‘ஜிம்முக்குப் போறான்’ என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

ஒரு விசித்திரம். அவள் சாப்பிட மாட்டாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே சமைத்துப் போடுவாள், சமையல் வீடியோ மணிக்கணக்காகப் பார்ப்பாள். “நடிக்கிறா” என்றார் மாமா. நடிப்பு இல்லை. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். அவர்களும் சமையல் புத்தகம் சேர்த்தார்கள், சாப்பாட்டைப் பற்றியே கனவு கண்டார்கள், எரிந்து விழுந்தார்கள். பட்டினியே மனசைத் திருகிவிடும். அந்த நிலையில் இருப்பவரிடம் புத்திமதி ஏறாது.

ஒரு டெஸ்ட்டில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. தைராய்டு, காசநோய், சர்க்கரை, குடல் நோய் இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஈ.சி.ஜி., பொட்டாசியம், பாஸ்பேட் பார்க்க வேண்டும். பிறகு மனநல டாக்டர் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்.

சிகிச்சையில் நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. ரொம்ப நாள் பட்டினி கிடந்தவருக்குப் பாசத்தில் நாட்டுக்கோழிக் குழம்பும் களியுமாக ஒரே நாளில் திணித்துவிடக் கூடாது. திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயம் நின்றுபோகலாம். அதனால்தான் முதல் சில நாள் அடிக்கடி ரத்தம் சோதித்து, தயமின் கொடுத்து, அளவைப் படிப்படியாக ஏற்றினார்கள்.

அதன் பிறகு நீண்ட வேலை. அனொரெக்ஸியாவைக் குணப்படுத்த மாத்திரை கிடையாது. புலிமியாவுக்கு ஃபுளுவாக்ஸெடின் உதவும், அதுவும் டாக்டர் சொன்னால்தான். இளம் வயதினருக்கு, நோய் முற்றுவதற்கு முன், குடும்பத்தை வைத்தே செய்யும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான முறை. மூன்று வேளையும் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல், விட்டும் கொடுக்காமல் சாப்பிட வைப்பது. அக்கா ஒரு வருஷம் சம்பளமில்லா லீவு போட்டார். ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம் ஆன நாட்கள் உண்டு. “நீ போம்மா, நான் சாப்பிட்டுக்கறேன்” என்பாள். போகக் கூடாது. மாமாதான் முதலில் பொறுமை இழந்தார், பிறகு என்னவோ அவர்தான் அக்காவைவிடப் பொறுமைசாலி ஆகிவிட்டார். இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். ஆனால் கல்யாணப் பந்தி என்றால் இன்னும் உள்ளங்கை வேர்க்கிறது.

ஹாஸ்டல் பிள்ளைகளே, சாப்பிட்டவுடன் தினமும் பாத்ரூமுக்கு ஓடும் தோழி, மெஸ்ஸுக்கு வராமலேயே “சாப்பிட்டாச்சு” என்று சொல்லும் ரூம்மேட், மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்கிய நண்பன் யாராவது இருந்தால், கிண்டல் செய்யாமல் தனியாகப் பேசுங்கள். மயக்கம், படபடப்பு என்றால் மனநல டாக்டர் வரை காத்திருக்காமல் நேராக தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பேசுவதற்கு மட்டும் என்றால் 14416. 2022-ல் தொடங்கிய மத்திய அரசின் டெலி-மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். பெற்றோர்களுக்கு இன்னொன்று: 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி இன்சூரன்ஸ் கம்பெனிகள் மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு தர வேண்டும். பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

காலையிலிருந்து இந்த வளாகத்தில் என்னிடம் “என்னடா, தொப்பை போட்டுடுச்சு!” என்று ஒன்பது பேர் சொல்லிவிட்டார்கள், எண்ணிக்கொண்டே வந்தேன். எனக்குப் பரவாயில்லை. பக்கத்தில் நிற்கும் உங்கள் மகளிடமும் அதையே சொல்கிறீர்கள், அதை மட்டும் இன்றோடு விடுங்கள். சாப்பாடு தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார். கேள்வி இருந்தால் பந்தியில் கேளுங்கள். வணக்கம்.